கொடைக்கானலில் தனியாகத் தங்குபவர் ஒரு நாளை அமைத்துக்கொள்வது எப்படி

கொடைக்கானலுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் குடும்பமாகவோ நண்பர் கூட்டமாகவோ வருகிறார்கள். அங்குள்ள சுற்றுலா ஏற்பாடுகளும் அவர்களை மனத்தில் வைத்தே அமைந்திருக்கின்றன. காலை ஒன்பது, பத்து மணிக்குக் கிளம்பும் வேன் தூண் பாறை, பைன் காடு, கோல்ஃப் மைதானம் என்று வரிசையாகப் பல ‘பாயிண்ட்’களைக் காட்டிவிட்டு, மாலையில் ஏரிக்கரையில் இறக்கிவிடும். தனியாக வருபவருக்கு இந்த ஏற்பாடு பொருந்துவதில்லை. ஐந்து பேர் பகிர்ந்துகொள்ளும் கார் வாடகையை அவர் ஒருவரே கொடுக்க வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய இழப்பு, பள்ளத்தாக்கு பளிச்சென்று தெரியும் விடியற்காலையை அறையில் கழித்துவிட்டு, மூடுபனி ஏறிய பிறகு காட்சிமுனைகளில் போய் நிற்க நேர்வதுதான். ஒருவராக வந்தவருக்கு யாரையும் எழுப்பிக் கிளப்பவேண்டிய பொறுப்பு இல்லை, பிறர் பசிக்காகவோ களைப்புக்காகவோ திட்டத்தை மாற்றவேண்டியதும் இல்லை. அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தி, பனியின் போக்கை அறிந்து, பெரும்பகுதியை நடந்தும் மீதியை அரசுப் பேருந்திலும் கழித்தால், அந்த ஊரில் ஒரு சாதாரண நாளே மிக நிறைவான நாளாகிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் பனியைப் புரிந்துகொள்ள வேண்டும். கொடைக்கானல் நகரம் பழனி மலைத்தொடரின் மேல்தளத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், தெற்கு விளிம்பை ஒட்டி அமைந்திருக்கிறது. அந்த விளிம்புக்கு நேர் கீழே பெரியகுளம் பகுதியின் சமவெளி சுமார் 300 மீட்டர் உயரத்தில்தான் கிடக்கிறது. வெயில் ஏற ஏறச் சமவெளியும் மலைச்சரிவும் சூடாகி, ஈரக்காற்று சரிவை ஒட்டி மேலெழுகிறது. மேலெழும் காற்று ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் குளிர்வதால், ஒரு கட்டத்தில் அதிலுள்ள ஈரம் துளித்து மேகமாகிறது. அந்த மேகம் விளிம்பைத் தாண்டி ஊருக்குள் நுழையும்போது நாம் அதை மூடுபனி என்கிறோம். எனவே பள்ளத்தாக்கைப் பார்க்கும் இடங்களுக்கு உரிய நேரம் சூரியன் எழுந்த பிறகு வரும் இரண்டு மூன்று மணி நேரம். முற்பகலும் நண்பகலும் ஊரின் உட்பகுதிக்கும் காட்டுச் சாலைகளுக்கும் ஏற்றவை. பிற்பகலில் மழையையோ பனியையோ எதிர்பார்த்துத் திட்டமிட வேண்டும். எந்த மாதத்தில் சென்றாலும் இந்த வரிசை பெரிதும் மாறுவதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் நாள் முழுவதும் மேகம் கலையாமல் இருப்பதுண்டு.

தங்குமிடம்

ஏரிக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடந்தே போய்வரக்கூடிய இடத்தில் அறை எடுங்கள். அண்ணா சாலையும் ஏழு ரோடு சந்திப்பும் அவற்றைச் சுற்றியுள்ள தெருக்களும் இதற்கு ஏற்றவை. சீசனில் இரைச்சல் இருக்கும் என்றாலும், இரவு எட்டு மணிக்குத் தனியாக உணவு தேடிச் செல்பவருக்கு விளக்கும் ஆள் நடமாட்டமும் இருக்கும் தெரு பெரிய துணை. நாயுடுபுரம் சற்று அமைதியானது; அங்கிருந்து கடைத்தெருவுக்கு வந்துபோவதில் மேடு பள்ளம் அதிகம். வட்டக்கானலின் அழகைச் சொல்லி அங்கே தங்கும்படி பலரும் பரிந்துரைப்பார்கள். இருட்டிய பிறகு அங்கிருந்து நகரத்துக்கு வர வாகனம் கிடைப்பது கடினம். முதல்முறை தனியாக வருபவருக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

ஒருவர் மட்டும் தங்குவதற்கு அறை கொடுக்கத் தயங்கும் லாட்ஜ்கள் நம் ஊர்களில் இன்றும் உண்டு. இணையத்தில் பதிவு செய்திருந்தாலும் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, ஒருவராக வருவதையும் எத்தனை இரவு தங்கப்போகிறீர்கள் என்பதையும் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். அடையாள அட்டையின் அசலும் நகலும் கையில் இருக்கட்டும். அதே அழைப்பில் வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வரும், கூடுதல் கம்பளி கிடைக்குமா, வெளிக்கதவை இரவு எப்போது பூட்டிக் காலையில் எப்போது திறப்பார்கள் என்பவற்றையும் கேட்டுவிட வேண்டும். பல விடுதிகளில் வெந்நீர் காலையில் குறிப்பிட்ட நேரம் மட்டுமே வரும். விடியற்காலையில் கிளம்ப நினைப்பவர் முந்தைய மாலையே குளித்துவிடுவதோ, திரும்பி வந்து குளிப்பதோ நல்லது.

சொந்த வாகனத்திலோ இருசக்கர வாகனத்திலோ வருபவர்கள் இ-பாஸ் எடுத்திருக்க வேண்டும். உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த முறை நடைமுறைக்கு வந்தது. அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இது தேவையில்லை. மதுரையிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர், கொடைரோடு ரயில் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். இந்த இரண்டில் எங்கிருந்து வந்தாலும் வத்தலக்குண்டுக்குப் பிறகு மலைப்பாதை தொடங்கும். வளைவுகளில் தலைசுற்றல் வருபவர்கள் பேருந்தின் முன்பகுதியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கைபேசியைப் பார்க்காமல் தொலைவில் பார்வையை வைத்தால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். நகரத்துக்கு எட்டுக் கிலோமீட்டர் முன்னால் வலுவாக விழுகிற வெள்ளி அருவி, கொடைக்கானல் ஏரியிலிருந்து வழிந்து வரும் நீர்தான்.

பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து கழற்றக்கூடிய இரண்டு மெல்லிய உடைகள், காதை மூடும் குல்லா, காற்றில் மடங்கிப்போகும் குடைக்குப் பதிலாக மழைக்கோட்டு, டார்ச், பிடிப்புள்ள காலணி ஆகியவை போதும். ஸ்டீல் தண்ணீர் பாட்டில் ஒன்று கட்டாயம் வேண்டும். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் குளிர்பான பாட்டில்களுக்கும் கொடைக்கானலில் தடை உண்டு. வைத்திருந்தால் பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் கட்ட வேண்டும். ஊருக்குள் தண்ணீர் ஏடிஎம்கள் இருக்கின்றன. காட்டு மாட்டின் சாணத்தில் பிளாஸ்டிக் உறை கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தடையின் நியாயத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

விடியற்காலை

எழுந்ததும் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பாருங்கள். மேகம் இல்லை என்றால் காபிக்குக்கூடக் காத்திராமல் கோக்கர்ஸ் வாக்குக்குச் செல்ல வேண்டும். 1872இல் கோக்கர் என்ற ஆங்கிலேய லெப்டினன்ட் மலையின் தெற்கு விளிம்பை ஒட்டி அமைத்த இந்த நடைபாதை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம் கொண்டது. நுழைவுக்குச் சிறு கட்டணம் உண்டு. திறக்கும் நேரத்தை முந்தைய நாளே கேட்டு வைத்துக்கொண்டு, முதல் ஆளாக உள்ளே செல்லுங்கள். இரவில் குளிர்ந்து அடங்கிய காற்றில் தூசி படிந்துவிடுவதால், கீழே பெரியகுளம் பக்கத்து வயல்களும் குளங்களும் தென்னந்தோப்புகளும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். ஒன்பது மணிக்கு மேல் வரும் கூட்டத்துக்குப் பெரும்பாலும் வெண்மை மட்டுமே கிடைக்கும்.

அதே இடத்துக்குப் பிற்பகலில் போக ஒரே ஒரு காரணம் உண்டு. சூரியன் உங்கள் முதுகுப்புறம் சாய்ந்திருக்க, எதிரே பள்ளத்தாக்கில் மூடுபனி சுவர் எழுப்பியதுபோல் நிற்குமானால், உங்கள் நிழல் அந்தப் பனியின்மேல் பெரிதாக விழுந்து, தலையைச் சுற்றி வண்ண வளையம் தோன்றுவதுண்டு. பிராக்கன் நிழல் என்று அறியப்படும் இந்தக் காட்சியில், ஒவ்வொருவரும் தம் தலையைச் சுற்றிய வளையத்தையே காண்பார்கள். பக்கத்தில் நிற்பவரின் நிழல் தெரிந்தாலும் அவருக்குரிய வளையம் நம் கண்ணுக்குப் படாது. தேடிப் போய்ப் பிடிக்கக்கூடியதன்று இது. ஆனால், வெயிலும் பனியும் ஒரே நேரத்தில் இருக்கும் பிற்பகலில் அந்தப் பக்கம் இருந்தால் விளிம்புவரை ஒருமுறை போய்ப் பார்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

நடந்து முடித்துக் காலை உணவுக்கு வாருங்கள். கடைத்தெருவின் சிறிய மெஸ்களில் இட்லியும் பொங்கலும் சூடாகக் கிடைக்கும். தனியாக இருப்பவருக்கு நட்சத்திர விடுதியின் பஃபேயைவிட இதுவே எல்லா வகையிலும் ஏற்றது. அறையிலேயே மின்கெட்டிலில் நூடுல்ஸோ ஓட்ஸோ செய்துகொள்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், பொட்டலத்தில் எழுதியிருக்கும் நேரம் போதாது; மூடிவைத்து இன்னும் சில நிமிடங்கள் விடுங்கள்.

ஏரியைச் சுற்றி

உணவு முடிந்ததும் ஏரி. 1863இல், மதுரை கலெக்டராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச், ஓடையின் குறுக்கே கரை எழுப்பி இந்த ஏரியை உருவாக்கினார். பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர். நட்சத்திர வடிவில் கைகள் நீண்டிருப்பதால், சுற்றிவரும் சாலை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீள்கிறது. நிதானமாக நடந்தால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். வாடகைச் சைக்கிளும் குதிரையும் படகுத்துறையைச் சுற்றிய பகுதியில் கிடைக்கும், கூட்டமும் அங்கேயே தேங்கியிருக்கும். அங்கிருந்து பத்து நிமிடம் தள்ளிப் போனால், ஏரியின் கை ஒன்று மரங்களுக்குள் ஒதுங்குகிற இடத்தில், சாலை உங்களுடையதாகிவிடும். நாணல் ஓரத்தில் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருப்பதையும், எதிர்க்கரை வீட்டுப் புகைபோக்கியிலிருந்து எழும் புகை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரே தளமாகப் பரவி நிற்பதையும் அங்கே நின்று பார்க்கலாம். குளிர்ந்த கனமான காற்று ஏரிப்பள்ளத்தில் தங்கி, மேலே சற்று வெப்பமான காற்று மூடியிருப்பதால்தான் புகை மேலேறாமல் நிற்கிறது. வெயில் நன்றாக விழுந்ததும் அந்தத் தளம் கலைந்துவிடும். ஜனவரி விடியலில் இதே பள்ளங்களில்தான் புல்லின்மேல் உறைபனி படிகிறது.

ஏரியின் கிழக்குப் பக்கம் பிரையண்ட் பூங்கா இருக்கிறது. வன அதிகாரி எச்.டி. பிரையண்ட் 1908இல் அமைத்த இந்தப் பூங்காவில் மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கும்; அந்த நாள்களில் தனியாக அமைதியாக இருக்க வருபவர் கொடைக்கானலையே தவிர்ப்பது நலம். மற்ற மாதங்களின் வேலைநாள்களில், முற்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் புத்தகத்துடன் உட்கார இதைவிட நல்ல இடம் ஊருக்குள் இல்லை.

முற்பகலுக்கு மூன்று வழிகள்

இவற்றில் ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். மூன்றையும் ஒரே நாளில் அடைக்க முயன்றால் வேன் பயணத்தின் அவசரமே திரும்பி வரும்.

முதல் வழி மேல்மலைக்குப் பேருந்தில் போவது. என் தனிப்பட்ட தேர்வும் இதுதான். கொடைக்கானலுக்கு மேற்கே உள்ள பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை ஆகிய ஊர்களை உள்ளூர்க்காரர்கள் மேல்மலை என்றும், கிழக்கே தாழ்வான பகுதியில் உள்ள பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கத்தைக் கீழ்மலை என்றும் சொல்வார்கள். பூம்பாறை சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பேருந்து நிலையத்துக்குச் சென்றதும், ஏறப்போகும் பேருந்தின் நேரத்தை விசாரிப்பதற்கு முன்னால், திரும்பி வரும் பேருந்துகளின் நேரத்தை டைம் கீப்பரிடம் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மேல்மலைக்குச் செல்லும் பேருந்துகள் குறைவு. கடைசிப் பேருந்தை நம்பாமல், அதற்கு முந்தையதில் திரும்புவது என்று முடிவு செய்துகொள்வது தனியாகச் செல்பவருக்குப் பாதுகாப்பு. வழியில் பல இடங்களில் கைபேசியில் சிக்னல் இருக்காது என்பதால் இணையவழிப் பணத்தை நம்பாமல் பத்து, இருபது ரூபாய் நோட்டுகளைச் சில்லறையாக வைத்திருங்கள்.

பூம்பாறைக்குச் சற்று முன்னால், சாலை வளைவிலிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் கீழே தெரியும்: சரிவைப் படிப்படியாக வெட்டிய வயல்கள், நடுவில் நெருக்கமாக அமைந்த வீடுகள். கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு ஆகியவை முக்கியப் பயிர்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தாளோடு சேர்த்துக் கட்டிய பூண்டுக்கொத்தைக் கையில் எடுத்தால், சமவெளிச் சந்தையில் வாங்கும் பூண்டைவிடக் காரமான நெடி உடனே தெரியும். ஊருக்குள் இருக்கும் குழந்தை வேலப்பர் கோயிலின் முருகன் திருமேனியைப் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்பது ஊர் மரபு. கோயிலில் வணங்கிவிட்டு, வயல்களுக்கு இடையிலான பாதையில் சற்று நடந்து, டீக்கடையில் உட்காருங்கள். வயலில் வேலை செய்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், “எடுக்கலாமாக்கா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை, அதிலிருந்து பேச்சும் தொடங்கும். கூட்டமாக வருபவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு போய்விடுவார்கள். தனியாக வருபவரை ஊர் தானாகவே விசாரிக்கும்: எந்த ஊர், ஏன் ஒண்டியா வந்தீங்க, சாப்பிட்டாச்சா? இதைத் துருவல் என்று எடுத்துக்கொள்ளாமல் பதில் சொன்னால், அடுத்த பேருந்து உண்மையில் எப்போது வரும் என்பது உட்படப் பல பயனுள்ள செய்திகள் கிடைக்கும்.

இரண்டாவது வழி சூரிய ஆய்வகம். ஏரியிலிருந்து மேற்கே ஏறிச் செல்லும் சாலையில், 2,343 மீட்டர் உயரத்தில் இது இருக்கிறது. போகும்போது மட்டும் வாடகைக் காரில் ஏறிச் சென்று, திரும்பும்போது இறக்கத்தில் நடந்து வருவது எளிது. 1870களின் பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனில் ஏற்படும் மாற்றங்களுக்கும் இந்தியப் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமா என்ற கேள்வி வலுத்தது. சூரியனைத் தொடர்ந்து கவனிக்கத் தெளிவான வானம் உள்ள உயரமான இடம் வேண்டும் என்று தேடி, கடைசியில் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னையிலிருந்த வானாய்வகப் பணி 1899இல் இங்கே மாற்றப்பட்டது. 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டறிந்தார்; உலகெங்கும் பாடநூல்களில் அது அவர் பெயராலேயே குறிப்பிடப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் நாள்தோறும் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இங்கே தொடர்ச்சியாகச் சேர்த்துவைக்கப்பட்டிருக்கின்றன. ‘பாயிண்ட்’களின் பட்டியலில் இது பலருக்கு ஐந்து நிமிட இடம், ஒருவராக வருபவர் ஒரு முழு முற்பகலையும் இதற்குத் தரலாம். பார்வையாளர்களை அனுமதிக்கும் நாளும் நேரமும் மாறக்கூடும், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி குறிஞ்சி ஆண்டவர் கோயில். ஏரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் அளவில் இருப்பதால் நடந்தே போகலாம். செட்டியார் பூங்காவும் அந்தப் பக்கமே. ஐரோப்பிய வம்சத்தில் பிறந்து இந்து சமயத்தைத் தழுவி, இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்த லீலாவதி அம்மையார் 1936இல் இந்தக் கோயிலைக் கட்டினார். பின்னர் அது பழனி தேவஸ்தானத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கோக்கர்ஸ் வாக்கு தெற்கே பார்க்கிறது என்றால், இங்கிருந்து வடக்கே பழனிப் பக்கத்துச் சமவெளி விரிகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி இந்த மலைகளில் 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்த பூப்பு 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது.

பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதியும் வாகனமும் தேவை என்பதால், தனியாக வருபவரின் சாதாரண நாளுக்கு அது பொருந்தாது. டால்ஃபின் மூக்குப் பாறைக்குப் போக விரும்புபவர்கள், வட்டக்கானலிலிருந்து வேர்கள் பின்னிக் கிடக்கும் பாதையில் இறங்க வேண்டும். ஈரமான நாளில் அந்த வேர்கள் கண்ணாடியாய் வழுக்கும். விடுதியில் யாரிடமாவது சொல்லிவிட்டு, தெளிவான காலையில், மற்றவர்களும் நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் மட்டுமே செல்லுங்கள். பாறையின் நுனிவரை போக வேண்டாம். வழுக்கினால் கைநீட்டிப் பிடிக்க உங்களுடன் ஒருவரும் இல்லை என்பதை அங்கே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நினைவில் வைக்க வேண்டும். அதற்கும் கீழே வெள்ளகவி, கும்பக்கரை என்று நீளும் பழைய மலைப்பாதையில் வழிகாட்டி இல்லாமல் ஒருவராக இறங்குவதை நினைத்தும் பார்க்காதீர்கள். மழைக்காலத்தில் சோலைக்காட்டு ஓரங்களில் அட்டைகள் உண்டு. கால்சட்டையின் அடியைக் காலுறைக்குள் செருகிவிட்டு, கடித்தால் பிய்த்து இழுக்காமல் சிறிது உப்பு போட்டால் தானே விழுந்துவிடும்.

பிற்பகல்

இரண்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பிவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். காலை ஆறு மணி முதல் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்த உடலுக்கு, குளிரினால் களைப்பு தெரிவதில்லை, தாகமும் தெரிவதில்லை. நனைந்த காலுறையை மாற்றி, தண்ணீர் குடித்து, இரண்டு மணி நேரம் படுத்தோ படித்தோ ஓய்வெடுங்கள். இந்த உயரத்தில் வெயில் சுடாமலேயே தோலைக் கருக்கும் என்பதால் முகத்துக்கும் உதட்டுக்கும் ஏதேனும் பூசிக்கொள்வது அவசியம். மழை பிடித்துக்கொண்டால் அதையும் நாளின் ஒரு பகுதியாக ஏற்று, ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதவோ வீட்டுக்குத் தொலைபேசியில் பேசவோ பயன்படுத்தலாம். வானம் தெளிவாகவே இருந்தால், செண்பகனூரில் இயேசு சபையினர் நடத்தும் இயற்கை அருங்காட்சியகத்துக்குச் செல்வது இந்த நேரத்துக்கு ஏற்றது. விடுமுறை நாளை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாலையும் காட்டு மாடும்

ஐந்து மணிக்குக் கடைத்தெருவுக்கு இறங்குங்கள். மிளகாய் பஜ்ஜி, வேகவைத்த சோளம், சுக்கு காபி ஆகியவற்றுக்கு இதுவே நேரம். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் வாரச்சந்தையைத் தவறவிடாதீர்கள். மேல்மலையிலிருந்தும் கீழ்மலையிலிருந்தும் வரும் காய்களும், பருவத்துக்கேற்ப பிளம்ஸ், பேரிக்காய், வெண்ணெய்ப்பழம், மலைவாழை ஆகியவையும் அங்கே நியாயமான விலையில் கிடைக்கும். ஒருவருக்குத் தேவையான அளவு கால் கிலோதான் என்றாலும் தயங்காமல் கேளுங்கள். ‘ஹோம்மேட் சாக்லேட்’ எழுதிய கடை தெருவுக்குத் தெரு இருக்கிறது. வாங்கும் முன் ஒரு துண்டைச் சுவைத்துப் பாருங்கள்: கொக்கோ வெண்ணெயில் செய்தது நாக்கில் வைத்ததும் இளகி ஓடும், தாவரக் கொழுப்பில் செய்த காம்பவுண்ட் சாக்லேட் மெழுகுபோல அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டையும் ஒரே விலைக்கு வாங்கத் தேவையில்லை.

பொழுது சாயும் நேரத்தில் காட்டு மாடுகள் ஊருக்குள் வரும். இதைப் படிக்கும் எவரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். வளர்ந்த கடா ஆயிரம் கிலோவை எட்டக்கூடியது. கருத்த உடல், முதுகில் மேடிட்ட திமில், முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோன்ற நிறம். தெருவிளக்கின் கீழே குப்பைத்தொட்டியின் பக்கத்தில் அசையாமல் நிற்கும்போது, உடல் இருட்டோடு கலந்து அந்த நான்கு வெள்ளைக் கால்கள்தான் முதலில் கண்ணில் படும். பெரும்பாலும் அது தன் வழியில் போய்விடும். கூட்டமாக மேய்பவற்றைவிடத் தனியாக நிற்கும் கடாவிடமும் கன்றோடு நிற்கும் பசுவிடமும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பார்த்ததும் நின்று, முகத்தை அதன் பக்கமே வைத்தபடி மெதுவாகப் பின்வாங்கி, கடையோ வீடோ இருக்கும் பக்கம் ஒதுங்குங்கள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பது, கை தட்டி விரட்டுவது, சந்துக்குள் அது நிற்கும்போது ஓரமாகக் கடந்துவிடலாம் என்று நுழைவது ஆகிய மூன்றும்தான் ஆபத்தில் முடிபவை. மூச்சை வேகமாக ஊதி, தலையைத் தாழ்த்தினால் அது எச்சரிக்கிறது என்று பொருள். உள்ளூர்க்காரர் ஒருவர் வழியில் நின்றுவிட்டால் நீங்களும் நின்றுவிடுங்கள், அவருக்குத் தெரியும்.

இதனால் இரவு உணவை ஏழு மணியளவில் முடித்துக்கொண்டு, எட்டு மணிக்குள் விடுதிக்குத் திரும்புவது நல்லது. சீசன் இல்லாத நாள்களில் கடைகளும் சீக்கிரமே மூடிவிடும். பெண்கள் தனியாக வந்திருந்தால், திரும்பும் நேரத்தை விடுதி வரவேற்பில் சொல்லி வைப்பதும், வாகன எண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறுவதும் வழக்கமாகட்டும். 181 என்ற மகளிர் உதவி எண்ணையும், ஆம்புலன்ஸுக்கான 108, அவசர உதவிக்கான 112 ஆகியவற்றையும் கைபேசியில் மட்டுமன்றி ஒரு தாளிலும் எழுதி வைத்திருங்கள்.

அறைக்கு வந்த பிறகு ஒரே ஒரு விஷயத்தில் மிகக் கண்டிப்பாக இருக்க வேண்டும். குளிருக்காகக் கரி அடுப்பையோ, பார்பிக்யூவில் மீந்த தணலையோ மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். இரண்டு மூன்று பேர் இருந்தால் ஒருவருக்காவது தலைவலி எழுந்து கதவைத் திறக்க வாய்ப்புண்டு, தனியாக இருப்பவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. குளியலறையில் கேஸ் கீஸர் இருந்தால் குளிக்கும்போது காற்றுப்போக்கியைத் திறந்தே வையுங்கள். குளிர் தாங்கவில்லை என்றால் வரவேற்பில் இரண்டாவது கம்பளியைக் கேளுங்கள். ஸ்டீல் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, மூடியை இறுக்கி, துண்டில் சுற்றிக் கால்மாட்டில் வைத்தால் நெடுநேரம் வெப்பம் தாங்கும், காலையில் அதுவே குடிநீராகவும் ஆகும்.